களத்தில் உடல், கரையில் ஆதாயம்: ‘ஆடுகளம்’ திரைப்படமும் பந்தய ரசிகனும்

சூதாட்டத்தைப் பற்றித் திருச்சபை பேசும்போது பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசுகிறது. இழந்த கூலி, அடகுக் கடைக்குப் போன நகை, கண்ணீர் வடிக்கும் மனைவி ஆகியவையே நம் அருளுரைகளில் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. இவை பொய்யல்ல. ஆயினும் பந்தயம் கட்டுபவன் இழப்பது பணம் மட்டுந்தானா? அவன் வென்று பணத்தோடு வீடு திரும்பினால் அவனிடம் நாம் சொல்லக்கூடியது யாது? இவ்வினாவுக்கு விடை காண ஒரு தமிழ்த் திரைப்படம் நமக்குத் துணைசெய்கிறது. வெற்றிமாறன் இயக்கி 2011-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்த ‘ஆடுகளம்’ என்பதே அப்படம். அதனைத் திறனாய்வு செய்து, விருதுநகர், சிவகாசிப் பகுதியில் இன்று நம்முன் நிற்கும் ஒரு சிக்கலோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு ஞாயிறு காலை

பழைய படம் ஒன்றை இப்போது ஏன் எடுத்துப் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் கிடைத்தது. பின் வரிசையில் அமர்ந்திருந்த நாலைந்து இளைஞர் வேதாகமத்துக்குள் கைப்பேசியை வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தனர். பாவ அறிக்கை செபத்தின் நடுவே அவர்களுள் ஒருவனிடமிருந்து அடக்க முடியாத ஒரு குரல் எழுந்தது. பின்னர் கேட்டறிந்தோம். அவர்கள் பார்த்தது அமெரிக்காவில் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி. அங்கே சனிக்கிழமை இரவு தொடங்கும் முதன்மைப் போட்டிகள் நமக்கு ஞாயிறு காலையில் வந்துசேர்கின்றன. நம் ஆராதனை மணியும் அந்த நேரத்திலேயே அடிக்கிறது.

குத்துச்சண்டை, மற்போர், உதை, பிடி ஆகிய அனைத்தும் கலந்த இப்போட்டி 1993 நவம்பர் 12-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ‘அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்’ என்னும் பெயரில் முதன்முதலாக நடத்தப்பட்டது. தொடக்கத்தில் எடைப் பிரிவுகள் இல்லை. விதிகளும் மிகச் சிலவே. அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜான் மெக்கெயின் அக்காலத்தில் இதனை ‘மனிதச் சேவற்சண்டை’ என்று இழித்துரைத்து, தடைசெய்யுமாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். பின்னர் எடைப் பிரிவு, கையுறை, காலவரையுள்ள சுற்றுகள், நிறுத்தும் உரிமையுள்ள நடுவர் என ஒழுங்குகள் வந்தன. தோல்வியை ஏற்பவர் எதிரியின் உடலையோ தரையையோ கையால் தட்டினால் போதும்; போட்டி அக்கணமே முடியும். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பூஜா தோமர் இவ்வமைப்பின் போட்டியில் வென்ற முதல் இந்தியரானார்.

இவ்விளையாட்டையே பாவம் எனத் தள்ளுதல் நம் கருத்தன்று. பவுல் தம்மை வீணாய்க் காற்றில் குத்தாத குத்துச்சண்டைக்காரனுக்கு ஒப்பிட்டார் (1 கொரிந்தியர் 9). பயிற்சியும் துணிவும் மதிக்கத்தக்கவை. நம் வினா களத்தில் நிற்பவரைப் பற்றியதன்று. கரையில் நின்று அவர்மேல் பணம் கட்டுபவனைப் பற்றியது. மெக்கெயின் வைத்த பெயரே நம்மைச் சேவற்சண்டைக்கும் ‘ஆடுகளம்’ படத்துக்கும் அழைத்துச் செல்கிறது.

2. படம் கூறும் கதை

மதுரைப் பகுதியில் சேவல் வளர்ப்பிலும் பழக்கத்திலும் பேர்பெற்ற முதியவர் பேட்டைக்காரன். ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் இவராக நடித்துள்ளார். கருப்பும் (தனுஷ்) துரையும் (கிஷோர்) இவருடைய சீடர்கள். எதிரணியில் காவல் ஆய்வாளர் இரத்தினசாமி. ஒருமுறையாவது பேட்டைக்காரனைத் தன் மகன் வெல்வதைக் கண்டபின் கண்மூட வேண்டும் என்பது அவருடைய தாயின் ஆசை. இங்கேயே படம் தன் கருத்தை வைத்துவிடுகிறது. சட்டத்தைக் காக்க வேண்டியவர் களத்துக்காரராய் நிற்கிறார். சாகக் கிடக்கும் தாயின் அமைதியும் ஒரு சேவலின் காலில் கட்டப்பட்டிருக்கிறது.

பயனற்றது, அறுத்துவிடு என்று ஆசான் ஒதுக்கிய சேவலைக் கருப்பு கொல்லாமல் வளர்க்கிறான். பெரும் போட்டியில் அதனையே களத்தில் இறக்குகிறான். அது தம் சேவல் அன்று என ஆசான் பலர் அறியக் கைகழுவுகிறார். அச்சேவல் வெல்கிறது; வென்றுகொண்டேயிருக்கிறது. சீடனுக்குப் பேரும் பணமும் வருகின்றன. அன்றுமுதல் ஆசானுடைய உள்ளத்தில் பொறாமை குடியேறுகிறது. சீடர் இருவரையும் பகைக்க வைக்கிறார். துரையின் சேவல்களுக்கு நஞ்சு வைத்துப் பழியைக் கருப்பின்மேல் சாரவிடுகிறார். உண்மை வெளிப்பட்ட இரவில் தம்மையே மாய்த்துக்கொள்கிறார். கருப்பு உண்மையை எவரிடமும் கூறாமல், பழியைத் தானே சுமந்து ஊரைவிட்டு நீங்குகிறான்.

58-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இயக்கம், திரைக்கதை, நடிப்பு உள்ளிட்டவற்றுக்காக இப்படம் பாராட்டப்பெற்றது. அப்பாராட்டு தகும். எனினும் நமக்கு இதில் முதன்மையாய்த் தோன்றுவது வேறு. படத்தின் முற்பாதியில் பந்தயம் பணத்தின்மேல் கட்டப்படுகிறது. பிற்பாதியில் அது பேரின்மேல் கட்டப்படுகிறது. பேட்டைக்காரன் பணத்தாசை பிடித்தவர் அல்லர். அவர் தம் பேரைக் கட்டியிருந்தார். ‘எனக்குத் தெரியும்’ என்னும் சொல்லே அவர் வைத்த பணயம். ஒதுக்கிய சேவல் வென்றபோது அவர் தோற்றது அச்சொல்லை.

திருமறை மாணவர் சிலர் இங்கே விரைந்து, தள்ளப்பட்ட கல் தலைக்கல்லாயிற்று என்று பொருள் கொள்ள முற்படுவர். அவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒதுக்கப்பட்ட சேவல் வென்றதனால் எவரும் மீட்கப்படவில்லை. கரையில் நின்றோர் பணம் கட்டுவதற்குப் புதிய சேவல் ஒன்று கிடைத்தது, அவ்வளவே. ஒதுக்கப்பட்டதன் வெற்றியெல்லாம் நற்செய்தி ஆகிவிடாது.

3. திறமையா, வாய்ப்பா?

நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலமாய் ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. திறமையால் வெல்வது விளையாட்டு. வாய்ப்பால் வெல்வது சூது. 1974-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதன்று எனத் தீர்ப்பளித்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றிய முன்வடிவு, ஆளுநர் திருப்பியனுப்ப, மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி அவற்றைத் தடையிலிருந்து நீக்கியது. இறுதியில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடு பாராது தடைசெய்தது.

‘ஆடுகளம்’ இவ்வழக்குகளுக்கெல்லாம் முன்னரே ஓர் உண்மையை உணர்த்திவிட்டது. சேவற்சண்டை திறமையற்ற செயலன்று. இனம் தெரிதல், தீனி, பழக்கம், காயத்துக்கு மருந்து, களத்தில் நேரம் அறிதல் ஆகிய யாவும் அறிவின்பாற்பட்டவை. அந்த அறிவு மிக்கவரே பேட்டைக்காரன். அந்த அறிவே அவரை விழுங்கியது. கலப்புத் தற்காப்புக் கலையின் ரசிகனும் அறிவு மிக்கவனே. இன்னாருடைய கை நீளம், இன்னாருடைய பழைய முழங்கால் காயம், எடை குறைக்கும்போது இன்னார் தளர்ந்த வரலாறு ஆகியவற்றை அவன் விரல்நுனியில் வைத்திருப்பான். ஒருவரை இவ்வளவு நுணுக்கமாய் அறிந்துகொள்வது அன்பின் வேலையாய் இருக்க வேண்டியது. பந்தயம் அதனை ஆதாயத்தின் வேலையாக்கிவிடுகிறது. முழங்கால் காயம் அவனுக்கு இரங்குதற்குரிய செய்தியன்று. பணம் கட்டுதற்குரிய செய்தி. வள்ளுவர் சூது அதிகாரத்தில், வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலாய்க் கண்டது இதனாற்போலும். தோல்வி மட்டுமே தீமை என அவர் எண்ணவில்லை.

4. கரையில் நிற்பவன்

குறுந்தொகையின் 305-ஆம் பாட்டு, ஏவிவிடுவாரும் விலக்குவாரும் இன்றித் தாமே பொருதும் குப்பைக்கோழிகளை உவமை கூறுகிறது. அவ்வுவமையாலேயே அதன் புலவர் குப்பைக்கோழியார் எனப்பட்டார். பந்தயக் களத்தில் நிலை வேறு. அங்கே ஏவிவிடுவோர் பலர். விலக்குவதற்கு மனமுள்ளவர் எவருமிலர். விலக்கினால் பணம் போய்விடும்.

இத்திரைப்படத்தின் குறையும் இவ்விடத்திலேயே உள்ளது என்போம். அண்மையில் மாணவர் சிலரோடு அமர்ந்து படத்தை மீண்டும் பார்த்தோம். போட்டிக் காட்சி நெடிது. கணினி வரைகலையின் துணையோடு அமைக்கப்பட்ட சேவல்கள் பாய்ந்து மோதுகின்றன, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கருப்பின் சேவல் வென்ற நொடியில் மாணவர் கைதட்டினர். உண்மையைச் சொன்னால் நாமும் இருக்கையிலிருந்து அரையடி எழுந்துவிட்டோம். தோற்று மடிந்த சேவலை எவரும் பார்க்கவில்லை. ஒளிப்படக் கருவியும் அதன்மேல் நீடித்து நிற்கவில்லை. பந்தயத்தால் விளையும் அழிவைக் காட்ட வந்த படம், முதல் ஒரு மணிநேரம் நம்மைப் பந்தயக்காரராக்கியே வைத்திருக்கிறது. இதனை இயக்குநரின் சூழ்ச்சித் திறன் என்று கொள்ளவும் இடமுண்டு. ஆயினும் ஆசானுடைய வீழ்ச்சிக்கு இரங்க நமக்கு ஒரு முழுப் பிற்பாதியைத் தந்தவர், வீழ்ந்த உயிர்களுக்கு இரங்க ஒரு நிமிடமும் தரவில்லை.

அகஸ்டின் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியஸைப் பற்றி எழுதியிருப்பது நினைவுக்கு வருகிறது. உரோமையில் வாட்போர்க் காட்சிக்கு நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை மூடிக்கொண்டே அமர்ந்தார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரொலி அவர் கண்களைத் திறந்துவிட்டது. திறந்தவர் திரும்பவும் மூடவில்லை. களத்தில் வீழ்ந்தவனைவிடக் கரையில் இருந்த அலிப்பியஸே கொடிதாய் வீழ்ந்தார் என்பது அகஸ்டினின் கணிப்பு. பின்னர் திருச்சபையின் கண்காணியாகவே உயர்ந்த ஒருவருக்கு நேர்ந்தது இது. ஆகவே இறையியல் கற்றோர் தமக்கு இது நேராது என எண்ணற்க.

5. நம் பகுதியில்

மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர் ஒரு மணிநேரப் பயணம். அங்கிருந்து சிவகாசி இன்னும் அண்மை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழை பொய்த்த இக்கரிசல் நிலம் தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அச்சாலும் பிழைத்துவருகிறது. தமிழ்நாட்டு அரசு 1968-இல் தொடங்கிய லாட்டரி 2003-இல் தடைசெய்யப்படும்வரை, லாட்டரிச் சீட்டு அச்சடிப்பும் சிவகாசி அச்சகங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. சீட்டை அச்சடித்த கைகளே மாலையில் அதனை வாங்கவும் செய்தன.

ஆராதனையில் குரல் எழுப்பியதாக நாம் கூறிய இளைஞன் நாட்காட்டி அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் வேலை செய்பவன். அவனுடைய தாய் பட்டாசு ஆலையில் திரி வைப்பவர். ஒருநாள் மாலை அவனே நம் இல்லத்துக்கு வந்தான். தீபாவளிப் போனஸ் முழுவதும் கைப்பேசிப் பந்தயத்தில் போயிற்று என்றான். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவன் அழுதது அதற்காக அன்று.

“ஐயா, நான் பணம் கட்டியிருந்த ஆளோட கையை அந்த எதிராளி மடக்கிப் பிடிச்சிட்டான். இன்னும் கொஞ்சம் விட்டா எலும்பு முறிஞ்சிடும். அவர் தட்டப் போறார்னு தெரிஞ்சது. ‘தட்டாதே, தட்டாதே’ன்னு கத்தினேன் ஐயா. கோயிலுக்குள்ளேதான் கத்தினேன். ராத்திரி படுத்தா அந்தக் குரல்தான் கேக்குது. அவர் கை உடைஞ்சாலும் பரவாயில்லைன்னு நினைச்சிருக்கேன்.”

நாம் சூதாட்டத்தைக் குறித்துப் பல ஆண்டுகள் பேசியிருக்கிறோம். இவ்விளைஞன் கண்டதை நாம் கண்டதில்லை. தட்டுதல் என்பது அவ்விளையாட்டில் இரக்கத்துக்கென வைக்கப்பட்ட வாயில். அவ்வாயிலை அடைக்கும்படி பந்தயம் அவனைக் கூவ வைத்தது. எந்தச் சுற்றில், எவ்வகையில் வீழ்வார் என்பதன்மேலும் பணம் கட்டலாம். அவ்வாறு கட்டியவனுக்கு ஒரு மனிதன் நினைவிழந்து சாய்வது வேண்டுதலாகவே ஆகிவிடுகிறது. களத்தில் உடல், கரையில் ஆதாயம்: சூதின் அமைப்பு இதுவே. பணம் போனதா வந்ததா என்பது அதன்பின் வரும் கணக்கு.

இவ்வமைப்பை நம் பகுதி வேறொரு பெயரிலும் அறியும். பட்டாசு ஆலைகளில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்கு விடப்படுவதும், விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களும் மருந்தும் ஓர் அறையில் திணிக்கப்படுவதும் விபத்துகளின் பின்னர் மீண்டும் மீண்டும் வெளிவந்த செய்திகள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிபட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் பலர் கருகினர். மருந்து கலக்கும் அறைக்குள் செல்பவர் தம் உடலையே பணயமாக வைக்கிறார். விரும்பி அன்று, கூலிக்காக. ஆதாயம் பெறுபவர் அறைக்குள் இல்லை. சூதாடாதே என்று தொழிலாளிக்கு உரைக்கும் நாம், அவர்மேல் ஆடப்படும் இச்சூதைப் பற்றி என்ன உரைத்தோம்?

அவ்விளைஞன் எழுந்து செல்லும்போது தயங்கி நின்று ஒன்று கேட்டான். “அறுப்பின் பண்டிகைக்குச் சபையிலே குலுக்கல் சீட்டு விக்கிறோமே, ஐயா. நானே நூறு சீட்டு வித்திருக்கேன். அது வேறயா?” ஆலயக் கட்டட நிதிக்காக அச்சீட்டுகளில் கையொப்பமிட்டவர் நாமே. “அது வேறு, தம்பி” என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. அதில் எவருடைய உடலும் களத்தில் இல்லை என்பது மெய்தான். ஆயினும் பிறர் இழப்பது நமக்கு வரும் என்னும் மகிழ்ச்சியை ஆலய வாசலில் வைத்து அவனுக்குப் பழக்கியவர் யார்?

6. சிலுவையின் அடியில்

திருமறையில் சீட்டுப் போடுதல் எங்கும் கடியப்படவில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது அப்போஸ்தலர் செபித்துச் சீட்டுப் போட்டனர் (அப்போஸ்தலர் 1). அங்கே சீட்டு, தம் விருப்பைக் கடவுளிடம் விட்டுக்கொடுப்பதன் அடையாளம். ஆனால் நால்வரும் குறிக்கும் இன்னொரு சீட்டு உண்டு. சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் ஆண்டவரின் உடைகளுக்காகச் சீட்டுப் போட்டனர். சிலுவைக்கு மிக அருகில் இருந்தவர்கள் அவர்களே. அவரைக் காணாதவர்களும் அவர்களே. மேலே ஓர் உடல் துடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய கண்கள் தரையிலிருந்த சீட்டின்மேல் இருந்தன. சூது இன்னதென்று விளக்க இதனினும் சிறந்த ஓவியம் நமக்கு வேண்டுவதில்லை.

அதே படையில் இன்னொருவனும் இருந்தான். நூற்றுக்கு அதிபதி அவருக்கு எதிரே நின்று, அவர் உயிர்விட்ட விதத்தைக் கண்டான் என மாற்கு கூறுகிறார் (15:39). கண்டவன் அறிக்கை செய்தான். அவனும் சேவகர்களும் ஒரே பணியில், ஒரே இடத்தில் நின்றவர்கள். வேறுபாடு கண் எங்கே இருந்தது என்பதில்தான். நம் ஆண்டவர் கரையில் நின்று மனிதர்மேல் பணயம் கட்டியவர் அல்லர். தாமே களத்தில் இறங்கியவர். அதனாலேயே பவுலும் தம்மையும் உடன் அப்போஸ்தலரையும், உலகத்தார் பார்க்கும் காட்சியாய்க் களத்தில் நிறுத்தப்பட்டு மரணத்துக்குக் குறிக்கப்பட்டவர்கள் என்றார் (1 கொரிந்தியர் 4:9). திருப்பணியாளனுக்குப் பார்வையாளர் வரிசையில் இருக்கை ஒதுக்கப்படவில்லை.

பேட்டைக்காரனை நாம் எளிதில் பழிக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். அவர் ஓர் ஆசான். தம் கணிப்பின்மேல் பேரைக் கட்டியவர். சீடன் தம் கணிப்பை மீறி வென்றபோது மகிழ முடியாதவர். இறையியல் கற்பிப்போரும் ஆயர்களும் மாணவர்மேலும் சபையார்மேலும் பேர் கட்டுவதில்லையா? ‘இவன் தேறமாட்டான்’ என்று நாம் ஒதுக்கியவன் நல்ல ஆயனாகும்போது நம் உள்ளம் என்ன செய்கிறது? பணம் கட்டாத சூதாடியைப் பற்றியும் இப்படம் பேசுகிறது.

சூதைத் தடுக்கும் சட்டத்தை வரவேற்போம். அது பலரைக் காக்கும். ஆனால் ஆய்வாளர் இரத்தினசாமி நினைவூட்டுவதுபோல, சட்டத்தைக் கையில் வைத்திருப்பவனின் கண்ணையும் சட்டத்தால் திருப்ப முடியாது. கண்ணைத் திருப்புவது நற்செய்தியின் வேலை. பந்தயத்தில் சிக்கியவன் நம்மிடம் வரும்போது எவ்வளவு போயிற்று என்று முதலில் கேளாதிருப்போம். களத்தில் யாரைப் பார்த்தாய், அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்போம். மருந்து அறைக்குள் செல்லும் தாய்க்கு என்ன நேர்கிறது என்பதையும் அவனோடு சேர்ந்து பார்ப்போம்.

அவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக்குக் குலுக்கல் நடைபெறவில்லை. கட்டட நிதியில் குறை விழுந்தது. மூப்பர் சிலர் இன்னும் நம்மோடு மனத்தாங்கலாய் இருக்கின்றனர். ஆலயத்தின் மேற்குச் சுவர் இன்றும் பூசப்படாமலே நிற்கிறது. அவ்விளைஞன் ஞாயிறுதோறும் வருகிறான். சில வாரங்கள் பின் வரிசையில், கையில் கைப்பேசியோடு. அவனுக்காகச் செபிக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம்.